ஊதியமா, உதவியா? – இந்திய முதுமைச் சட்டங்களின் சொல் வரலாறு

1. முன்னுரை

இந்தியாவில் 60 வயதைக் கடந்தோர் 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது ஏறத்தாழ 2 கோடியர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 10 கோடியே 38 இலட்சம் பேர், அதாவது மக்கள்தொகையில் 8.6 விழுக்காட்டினர். இவ்வளர்ச்சியை எதிர்கொள்ள அரசு இருவகை வழிகளை மேற்கொண்டது. ஒன்று, பணியாளர் ஓய்வு பெறும் வயதை உயர்த்துதல். மற்றொன்று, முதியோரைக் காக்கும் பொறுப்பை அரசும் குடும்பமும் பகிர்ந்துகொள்ளுமாறு சட்டம் இயற்றுதல். இவ்விரண்டின் வரலாற்றையும் பொருளியல் அறிஞர்கள் விரிவாக எழுதியுள்ளனர். இவை எச்சொற்களால் எழுதப்பட்டன, அச்சொற்கள் இந்திய மொழிகளுக்கு, குறிப்பாகத் தமிழுக்கு, எவ்வாறு வந்தன என்பது போதிய அளவு நோக்கப்படவில்லை. இக்கட்டுரை அதனை ஆராய முற்படுகிறது.

ஒரு முதியவர் பெறும் தொகை உரிமையா, கருணையா என்னும் வினாவே இவ்வரலாற்றின் மையம் எனலாம். நீதிமன்றங்கள் இவ்வினாவுக்கு ஒரு சாராருக்கு மட்டும் தெளிவான விடை அளித்தன. அவ்விடை பிறருக்கும் பொருந்துமா என்பதைச் சட்டம் மட்டுமன்றி, சட்டத்தை மொழிபெயர்க்கும் சொல்லும் தீர்மானிக்கிறது.

2. ஓய்வைக் குறிக்கும் சொற்கள்

பணியிலிருந்து விலகுதலை ஆங்கிலம் 'ரிடையர்மென்ட்' என்கிறது. பின்வாங்குதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினையடியிலிருந்து பிறந்தது அச்சொல். வயது எய்தியதால் விலகுதலுக்கு ஆட்சிமொழியில் 'சூப்பரானுயேஷன்' என்பது வழக்கு. ஆண்டுகளைக் கடந்த நிலை என்பது அதன் இலத்தீன் மூலப்பொருள். இந்தி 'சேவாநிவ்ருத்தி' என்றும், தெலுங்கு 'பதவீ விரமண' என்றும், கன்னடம் 'நிவ்ருத்தி' என்றும், மலையாளம் 'விரமிக்கல்' என்றும் வழங்குகின்றன. இவையனைத்தும் நின்றுபோதலையே குறிக்கின்றன. இளைப்பாறுதலைக் குறிப்பன அல்ல.

தமிழின் 'ஓய்வு' இவற்றினின்றும் வேறுபட்டது. ஓய்தல் என்பதற்கு முடிதல், தளர்தல், இளைப்பாறுதல் ஆகிய பொருள்கள் உண்டு. இலங்கைத் தமிழில் 'இளைப்பாறிய ஆசிரியர்', 'இளைப்பாற்றுச் சம்பளம்' என வழங்கியமையும் இப்பொருட்போக்கையே காட்டுகிறது. தமிழில் ஓய்வு என்றவுடன் உழைத்துக் களைத்தவர் பெறும் இளைப்பாற்றல் என்னும் கருத்து தானே வந்து சேர்கிறது. 'விருப்ப ஓய்வு' என்னும் தொடரில் இது பொருந்தலாம். தண்டனையாகவோ நிர்வாக நடவடிக்கையாகவோ அமையும் 'கட்டாய ஓய்வு' என்பதில் சொல்லும் பொருளும் முரண்படுகின்றன. மேலும் 'பணிமூப்பு' என்பது ஆட்சித்தமிழில் முதுமையைக் குறிப்பதன்று. பணியில் ஒருவர் பெற்ற முன்னுரிமையைக் குறிப்பது. எனவே வயதால் அமையும் ஓய்வைக் குறிக்க 'வயது முதிர்வு ஓய்வு' என்னும் நீண்ட தொடர் தேவைப்பட்டது.

3. ஐம்பத்தைந்திலிருந்து அறுபது வரை

1922 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அடிப்படை விதிகளின் 56-ஆம் விதி, அரசு ஊழியரின் ஓய்வு வயதை 55 என வரையறுத்தது. நடுவண் அரசு 1962 டிசம்பரில் அதனை 58 ஆக உயர்த்தியது. ஐந்தாம் ஊதியக் குழுவின் பரிந்துரைக்குப்பின் 1998 மே மாதத்தில் அது 60 ஆயிற்று. மாநிலங்கள் ஒரே சீராக இவ்வழியைப் பின்பற்றவில்லை. கேரளம் 2012-இல்தான் 55-ஐ 56 ஆக்கியது. தமிழ்நாடு 2020 மே மாதத்தில் 58-ஐ 59 ஆகவும், 2021 பிப்ரவரியில் 60 ஆகவும் உயர்த்தியது. தெலங்கானா 2021-இல் 61 வயதை ஏற்றது.

இவ்வரலாற்றில் ஆந்திரப் பிரதேசம் தனித்த ஆய்வுக்குரியது. 1983 பிப்ரவரியில் என். டி. ராமராவ் அரசு ஓய்வு வயதை 58-இலிருந்து 55-க்குக் குறைத்தது. இளைஞர்க்கு வேலை வேண்டும் என்பது அரசு கூறிய காரணம். 55-ஐக் கடந்திருந்தோர் அம்மாத இறுதியிலேயே பணியிழந்தனர். கே. நாகராஜ் வழக்கில் 1985 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஓய்வு வயதை வரையறுப்பது அரசின் கொள்கை சார்ந்தது எனக் கூறி அக்குறைப்பை ஏற்றது. இதற்கிடையே 58 மீண்டும் நிலைநாட்டப்பட்டது. இடைக்காலத்தில் வெளியேற்றப்பட்டோர் தொடுத்த பி. பிரபாகர ராவ் வழக்கில் அதே ஆண்டு அவர்களுக்குச் சாதகமான தீர்ப்பு வந்தது. 2014-இல் அம்மாநிலம் 60-ஐயும், 2022 ஜனவரியில் 62-ஐயும் அடைந்தது. நாற்பது ஆண்டுக்குள் ஒரே மாநிலத்தில் ஓய்வு வயது ஏழாண்டு இடைவெளியில் இறங்கி ஏறியுள்ளது. முதுமை இயற்கையின் எல்லை; ஓய்வு வயதோ ஆட்சியின் எல்லை என்பதை இது தெளிவுறக் காட்டுகிறது.

ஓய்வு வயது உயரும்போது நிகழ்வன யாவை? ஓய்வுக்காலப் பணப்பயன்களை அரசு வழங்கவேண்டிய நாள் தள்ளிப்போகிறது. புதிய பணியிடங்கள் காலியாவது அத்தனை ஆண்டு தாமதமாகிறது. ஊழியர் முழுச் சம்பளம் பெறும் காலம் நீள்கிறது. இம்மூன்றும் முறைசார் பணியில் உள்ளோரைச் சார்ந்தவை. இந்தியாவில் உழைப்போருள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் முறைசாராத் தொழில்களில் உள்ளனர். உழவுக்கூலிக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் ஓய்வு வயது என்று ஒன்று எழுதப்படவில்லை. உடல் ஓயும் நாளே அவர்தம் ஓய்வு நாள். ஓய்வு என்னும் தமிழ்ச்சொல்லின் மூலப்பொருள் அவர்களிடத்தில்தான் மாறாமல் நிற்கிறது.

4. ஓய்வூதியமும் உதவித்தொகையும்

'பென்ஷன்' என்னும் சொல்லின் இலத்தீன் மூலம் நிறுத்துக் கொடுத்தலைக் குறிப்பது. கொடுப்பவர் ஏன் கொடுக்கிறார் என்பதை அது சொல்லாது. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இச்சொல் பரந்த பொருளில் வழங்கியது. ஆட்சியிழந்த அரச குடும்பத்தாருக்கு அளித்த தொகையும் பென்ஷன். ஓய்வுபெற்ற சிப்பாய்க்கு அளித்ததும் பென்ஷன். 1871-ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம், இத்தகைய தொகை குறித்து உரிமையியல் நீதிமன்றம் வழக்கை ஏற்பதற்குக் கடுமையான தடை விதித்தது. கொடுப்பவரின் விருப்பமே முதன்மை என்னும் கருத்து அச்சட்டத்தின் அடியில் இருந்தது.

தமிழில் இக்கருத்தைத் தாங்கிய சொல் 'உபகாரச் சம்பளம்'. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓய்வுக்குப்பின் பெறும் தொகைக்கும், மாணவர் பெறும் கல்வி உதவிக்கும் இது பொதுச்சொல்லாக வழங்கியது. உபகாரம் என்பது பிறர் செய்யும் நன்மை. சம்பளம் என்பது செய்த வேலைக்குரிய கூலி. கருணையும் உரிமையும் ஒரே தொகைச்சொல்லில் அருகருகே நின்றன. பின்னர் வந்த 'ஓய்வூதியம்' முதற்பகுதியை நீக்கிவிட்டது. ஊதியம் என்பது உழைத்து ஈட்டியது. எனவே ஓய்வூதியம் பெறுவோர் எவருக்கும் கடன்பட்டவர் அல்லர்.

சொல் அடைந்த இம்மாற்றத்தைச் சட்டமும் அடைந்தது. 1971-இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில், ஓய்வூதியம் அரசின் விருப்பத்தைச் சார்ந்த அருட்கொடை அன்று என்றும் அது சொத்துரிமை என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. 1982 டிசம்பர் 17 அன்று டி. எஸ். நகாரா வழக்கில் அரசமைப்பு அமர்வு இதனை மேலும் விரித்தது. ஓய்வூதியம் கடந்தகாலப் பணிக்கான கொடுப்பு என்றும், முதுமையில் ஒருவர் கைவிடப்படாமல் காக்கும் சமூகநலத் திட்டம் என்றும் தீர்ப்பளித்தது. ஓய்வூதியர்கள் அந்நாளை இன்றும் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகின்றனர்.

இத்தீர்ப்பு பணியாற்றி ஓய்வு பெற்றோரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. அரசமைப்பின் 41-ஆம் உறுப்பு முதுமையில் பொது உதவி பெறுதலைப் பற்றிப் பேசுகிறது. ஆயினும் அது நெறிமுறைக் கோட்பாடேயன்றி நீதிமன்றத்தில் நேரடியாக வலியுறுத்தத்தக்கதன்று. அவ்வுறுப்பின் வழியில் சில மாநிலங்கள் முதியோர்க்கு மாதத்தொகை வழங்கத் தொடங்கின. உத்தரப் பிரதேசம் 1957-இலும் தமிழ்நாடு 1962-இலும் தொடங்கின. 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கிய தேசிய சமூக உதவித் திட்டத்தின்கீழ், 65 வயது நிறைந்த ஆதரவற்றோர்க்கு நடுவண் அரசு மாதம் 75 ரூபாய் அளித்தது. 2007-இல் இத்திட்டம் இந்திரா காந்தியின் பெயர் பெற்றது. 2011-இல் தகுதி வயது 60 ஆகக் குறைக்கப்பட்டது. 60 முதல் 79 வரை உள்ளோர்க்கு 200 ரூபாயும், 80 நிறைந்தோர்க்கு 500 ரூபாயும் நடுவண் அரசின் பங்காயின. மாநிலங்கள் தம் பங்கைச் சேர்த்து வழங்குகின்றன. தமிழ்நாட்டில் இத்தொகை 2023-இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது.

இத்தொகையையும் ஆங்கிலம் 'பென்ஷன்' என்றே அழைக்கிறது. இந்தியும் 'விருத்தாவஸ்தா பென்ஷன்' என்கிறது. தமிழில் இருவழக்குகள் உள்ளன. 'முதியோர் ஓய்வூதியம்' என்பது ஒன்று. 'முதியோர் உதவித்தொகை' என்பது மற்றொன்று. அலுவலக ஆணைகளிலும் செய்தித்தாள்களிலும் இரண்டும் மாறிமாறி வருகின்றன. இவற்றை ஒருபொருட் பன்மொழி எனக் கொள்ளுதல் பிழையாகும். ஓய்வூதியம் என்பார், வாழ்நாள் முழுதும் வயலில் உழைத்த மூதாட்டியின் உழைப்பையும் ஊதியத்திற்குரிய உழைப்பாக ஏற்கிறார். உதவித்தொகை என்பார், நகாரா தீர்ப்பு நீக்கிய உபகாரத்தை அவருக்கு மட்டும் மீண்டும் சேர்க்கிறார்.

'ஆதரவற்ற' என்னும் அடைமொழியும் இவ்வாறே கருதத்தக்கது. ஆங்கில மூலத்தில் அச்சொல் நிலையான வருவாய் இன்மையைக் குறித்தது. தமிழில் ஆதரவு என்பது பொருளையும் குறிக்கும், ஆளையும் குறிக்கும். வயது வந்த மகன் ஒருவர் இருப்பின், அவர் ஒரு காசும் தாராவிடினும், தாய் ஆதரவற்றவர் ஆவாரா என்னும் ஐயம் எழ அச்சொல்லே இடந்தருகிறது. 2007-இல் வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோர் என்று அளவுகோல் மாற்றப்பட்டபோது, ஐயம் ஆளிலிருந்து பொருளுக்குப் பெயர்ந்தது.

ஓய்வூதியம் என்னும் சொல்லின் பொருளும் நிலைத்து நிற்கவில்லை. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் முதலும், நடுவண் அரசில் 2004 ஜனவரி முதலும் பணியேற்றோர்க்குப் பங்களிப்பு ஓய்வூதிய முறை வகுக்கப்பட்டது. தேசிய ஓய்வூதிய முறையில் பெறும் தொகை, செலுத்திய பங்கையும் முதலீட்டின் விளைவையும் பொறுத்தது. ஊதியம் என்னும் பெயரில் சேமிப்பு வந்து அமர்ந்தது. 2025 ஏப்ரலில் நடுவண் அரசு நடைமுறைப்படுத்திய ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம், உறுதியளிக்கப்பட்ட தொகையை ஓரளவு மீட்க முற்பட்டது.

5. பராமரிப்பு: ஒரு சொல், இரு பொருள்

அரசு அளிக்காதவற்றைக் குடும்பம் அளிக்கவேண்டும் என்பது அடுத்த கட்டம். 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488-ஆம் பிரிவு மனைவிக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமே தொகை கோரும் வழி தந்தது. 1956-ஆம் ஆண்டின் இந்து மகவேற்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் முதிய பெற்றோரைச் சேர்த்தது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு எல்லாச் சமயத்துப் பெற்றோர்க்கும் அவ்வழியைத் திறந்தது. மணமான மகளுக்கும் இக்கடமை உண்டென உச்ச நீதிமன்றம் 1987-இல் விஜயா மனோகர் அர்பத் வழக்கில் கூறியது. 2024 ஜூலை முதல் இதே ஏற்பாடு பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாக உள்ளது.

1999-இல் முதியோர்க்கான தேசியக் கொள்கை வெளியாயிற்று. 2007-இல் தனிச் சட்டம் வந்தது. ஆங்கிலத்தில் 'மெயின்டனன்ஸ்' என்றும், இந்தியில் 'பரண-போஷண்' என்றும் அச்சட்டத்தின் பெயரில் உள்ள சொல், தமிழில் 'பராமரிப்பு' என வழங்கப்படுகிறது. அச்சட்டம் அச்சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் உணவு, உடை, உறையுள், மருத்துவக் கவனிப்பு, சிகிச்சை ஆகியவற்றுக்கான ஏற்பாடு அடங்கும். தீர்ப்பாயம் ஆணையிடக்கூடியது மாதத்தொகையே; அதன் உச்ச அளவு 10,000 ரூபாய். ஆகவே சட்டம் பேசுவது பொருளை. தமிழ் வாசகர் பராமரிப்பு என்றவுடன் எண்ணுவதோ, நோயுற்றவரை எழுப்பி அமர்த்தி, குளிப்பாட்டி, மருந்தூட்டி, இரவில் விழித்திருக்கும் ஆளை. பேச்சுவழக்கில் 'பார்த்துக்கொள்ளுதல்' என்பது இதுவே.

இவ்விரு பொருளும் ஒரு சொல்லுள் அடங்கியதன் விளைவை மற்றோர் ஆவணத்தால் காணலாம். நடுவண் அரசின் பெண் ஊழியர்க்கு 2008-இல் 730 நாள் வரையிலான விடுப்பு ஒன்று அறிமுகமாயிற்று. அதனைத் தமிழில் 'குழந்தைப் பராமரிப்பு விடுப்பு' என்கிறோம். அங்கு மூலத்தில் உள்ள சொல் 'கேர்'. பணம் தருதலும் பேணுதலும் ஆகிய இரு வேறு சொற்கள் தமிழில் ஒரே சொல்லாயின. இதனால், பெற்றோர் பராமரிப்புக்குச் சட்டம் உண்டென்று படிக்கும் வாசகர், பேணுதலுக்கும் சட்டம் உண்டென்று கருதிவிடுகிறார். உண்மையில் பெற்றோரைப் பேணுவதற்கெனக் குழந்தைகளுக்கானதை ஒத்த தனி விடுப்பு நடுவண் அரசு விதிகளில் வகுக்கப்படவில்லை.

உயர்ந்த ஓய்வு வயதும் முதியோர் நலமும் ஒன்றையொன்று தொடும் இடம் இதுவே. அறுபதை நெருங்கும் ஊழியரின் பெற்றோர் எண்பதைக் கடந்திருப்பர். முன்னர் 55-இலோ 58-இலோ வீடு திரும்பியவர், இன்று பெற்றோர்க்கு ஆள்துணை மிகத் தேவைப்படும் ஆண்டுகளில் அலுவலகத்தில் இருக்கிறார். ஓய்வு பெறும் நாளில் அவரே சட்டப்படி மூத்த குடிமகன். அதே நாளில் தம் பெற்றோர்க்குக் கடமைப்பட்ட மகவும் ஆவார். பொருள் தரும் ஆற்றலை ஓய்வு வயது உயர்வு கூட்டியது. பேணும் பொழுதைக் குறைத்தது. பராமரிப்பு என்னும் ஒற்றைச் சொல் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

பேணுபவர் யார் என்பதிலும் இம்மறைவு உண்டு. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'மக்கள்' என்போர் மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோர். வீடுகளில் பெரும்பாலும் உடலுழைப்பால் முதியோரைப் பேணும் மருமகள் அவ்வரையறையில் இல்லை. கடமை உள்ளவர் பணம் தருகிறார். பணி செய்பவர் சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. 2019-இல் மக்களவையில் கொண்டுவரப்பட்ட திருத்த முன்வரைவு மருமக்களையும் சேர்க்கவும், 10,000 ரூபாய் வரம்பை நீக்கவும், இல்லத்தில் பேணும் சேவைகளை முறைப்படுத்தவும் கருதியது. 2024-இல் மக்களவை கலைந்தபோது அது காலாவதியாயிற்று.

சட்டத்தில் பேணுதல் என்னும் கருத்து தலைகாட்டும் ஓரிடம் 23-ஆம் பிரிவு. அடிப்படை வசதிகளையும் உடல் தேவைகளையும் நிறைவு செய்யவேண்டும் என்னும் நிபந்தனையோடு முதியவர் சொத்தை மாற்றிக் கொடுத்து, பெற்றவர் தவறினால், அம்மாற்றத்தைத் தீர்ப்பாயம் செல்லாததாக்கலாம். அந்நிபந்தனை இருந்ததை நிறுவுதல் இன்றியமையாதது என 2022-இல் சுதேஷ் சிக்காரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. இச்சட்டத்தை முதியோர் நலம் நோக்கித் தாராளமாகப் பொருள்கொள்ளவேண்டும் என 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் கூறியது. ஆவணத்தின் சொற்களே முதியவரின் வீட்டைக் காக்கின்றன அல்லது இழக்கச் செய்கின்றன. தானப் பத்திரத்தில் 'அன்பின் காரணமாக' என்று மட்டும் எழுதி, பேணவேண்டும் என்னும் நிபந்தனையை எழுதாமல் விடுதல் பேரிழப்புக்கு வழிவகுக்கலாம்.

பிறநாட்டு ஒப்பீடு ஒன்று இங்குப் பயன்படும். ஜப்பானிய உரிமையியல் சட்டம் உறவினரைத் தாங்கும் கடமையை 'ஃபுயோ' என்கிறது. முதியோரை உடலளவில் பேணுதலுக்கு 'கைகோ' என்னும் தனிச்சொல் உண்டு. 1997-இல் இயற்றப்பட்டு 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த காப்பீட்டுச் சட்டம் அச்சொல்லையே பெயராகக் கொண்டது. 40 வயது நிறைந்தோர் அதற்குச் சந்தா செலுத்துகின்றனர். தனிச்சொல் இருந்ததனாலேயே சட்டம் பிறந்தது என்று கூறவியலாது. ஆயினும் பொருள் தருதலும் பேணுதலும் வேறு என்பது அங்குச் சட்டத்தின் பெயரிலேயே விளங்குகிறது. இந்தியாவில் அத்தகைய பொதுக் காப்பீடு இல்லை. 2024 அக்டோபரில் 70 வயது நிறைந்த அனைவர்க்கும் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் மருத்துவமனைச் சிகிச்சைக்குரியது. வீட்டில் பேணுதலுக்குரியது அன்று.

6. முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஓய்வு வயது உயர்வு இந்திய முதியோருள் சிறுபான்மையினர்க்கே நேரடியாகப் பொருந்தும். அதன் சொற்களைக் கொண்டு முதுமை முழுவதையும் விளக்குதல் பொருந்தாது. இரண்டாவது, பணி சாராத முதியோர் பெறும் மாதத்தொகைக்கு 'முதியோர் ஓய்வூதியம்' என்னும் பெயரையே ஒருசீராகக் கையாளுதல் நன்று. மூலச்சொல்லும் அதுவே, உரிமைக் கருத்தும் அதனாலேயே காக்கப்படும். மூன்றாவது, சட்டம் பணத்தைக் கருதும் இடங்களில் 'பராமரிப்புத் தொகை' என்றும், ஆளின் உழைப்பைக் கருதும் இடங்களில் 'பேணுகை' என்றும் வேறுபடுத்துதல் வேண்டும். இவை புதிய சொற்கள் அல்ல. வழக்கில் உள்ளவற்றை வரையறுத்துக் கொள்ளுதலே வேண்டுவது.

இலக்கணம் பயின்றோர் ஒன்றை நினைவுகூரலாம். தொல்காப்பியத்தில் 'கிழவன்' என்பது தலைவனையும் உரியவனையும் குறிக்கும். ஆறாம் வேற்றுமையின் பொருள் 'கிழமை', அதாவது உடைமை. இன்று அச்சொல் முதியவரை மதிப்புக் குறைவாகச் சுட்டும் சொல்லாகச் சுருங்கிவிட்டது. வழக்கில் அதனை மீட்க இயலாது, மீட்கவும் வேண்டுவதில்லை. உரியவர் என்னும் அப்பொருளைச் சட்டத் தமிழில் முதியோர்க்கு மீண்டும் அளித்தல் இயலும். மாதத்தொகை கோரி வட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்கும் மூதாட்டி நிரப்பும் படிவத்தின் தலைப்பில் எச்சொல் அச்சிடப்படுகிறது என்பதில் அது தொடங்கும்.